இரண்டு மெழுகுதிரியும் உன் இடது கையும்

நேற்றுக் காலையில் கடை அலுமாரியின் மேல்தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பழைய ரேடியோக்களின் முதுகு மூடிகளுக்குப் பின்னால் அந்த அடிமட்டம் கிடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற மர அடிமட்டம்தான். இரண்டு முனையிலும் ஒவ்வொரு சோடாப் போத்தல் மூடி ஆணியடித்து, ஒவ்வொரு மூடியிலும் நகத்தளவு மெழுகுதிரிக் கட்டை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகும் மெழுகு மணம் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ மௌத்தாகி ஆறு வருடமாகிறது. உனக்குக் கடிதம் எழுதுகிற ஆளா நான்? நீ உயிரோடு இருந்தபோது ஒழுங்காக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினதில்லை. நீ நாலு வரி அனுப்பினால் நான் "ம்" என்று அனுப்புவேன். "ரெண்டாவது எழுத்துக்கு வரி போட்டிரிக்காங்களா மச்சான்?" என்று கேட்பாய். இன்றைக்கு எழுதுகிறேன், பார். கடையில் வேலை இருக்கிறது. நேற்று ஒரு டீச்சர் தன் வாப்பாவின் ரேடியோவைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, சரியாகுமா இல்லையா என்று கேட்பாள். அவள் வருவதற்குள் உன்னோடு கொஞ்சம் கதைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

நீ என்னிடம் வந்து சேர்ந்ததே ஒரு பள்ளிக்கூட வாங்குப் பலகையில்தான். தொண்ணூறில், சண்டையில் ஊரை விட்டு விரட்டப்பட்டு, நீங்கள் மன்னார்ப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்தில் வந்திறங்கினீர்கள். பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் உன்னை என் வாங்கில் திணித்தார்கள். நான் புத்தளத்தான் என்ற கெறுக்கில் முறைத்தேன். "கொஞ்சம் அரக்கி இரி. நான் இங்க நிரந்தரமா இரிக்க வரல்ல" என்றாய். பத்து வயதில் என்ன வாய்! அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு நீ எழும்பவே இல்லை.

படித்து முடித்து நான் பாலாவிச் சந்தியில் ரேடியோ, டீவி திருத்துகிற கடை போட்டேன். நீ உப்பு லொறி ஓடினாய். உப்பளத்தில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, திரும்பி வரும்போது என் கடை வாசலில் ஹோர்னை இரண்டு தரம் அடிப்பாய். லொறியை நீ ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கியர் மாறுவது காதுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த பிளேன்டீ தளும்பாது.

முப்பத்துநாலு வயதில் எவனுக்கடா பக்கவாதம் வரும்? உனக்கு வந்தது. தேநீர்க் கடையில் கோப்பை உன் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாய், எழும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று வாரத்தில் வந்தாய். கால், இழுத்து இழுத்தாவது நடந்தது. கை வரவில்லை. நம்முடைய நாட்டில் கியர் இடது கைப் பக்கம். அதை உனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு, "வலது போயிருந்தா இடதால வளைச்சு ஓடிரிப்பன். ஆள் தெரிஞ்சுதான் அடிச்சிரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாய். உன் மனைவி ரிஸ்வானா குசினிக்குள் போய் அழுதாள். நான் முற்றத்துக்குப் போய் உன் செருப்பை உதைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இறப்பர் பந்து தந்து, ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்தச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் செய்தாய். நாலாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "நான் என்ன மாட்டுல பால் கறக்குறனா?" என்றாய். ரிஸ்வானா என்னிடம் வந்து, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "நானா, நீங்க சொன்னாத்தான் கேப்பார்" என்றாள். நீ எந்தக் காலத்தில் என் சொல்லைக் கேட்டாய்?

அந்த நேரம்தான் என் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்து, அந்த வெள்ளைப் பெட்டியை என் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். டீவியில் பூட்டி விளையாடுகிற கேம். சும்மா பொத்தான் அமத்துகிற சாமான் இல்லை. இரண்டு கைக்கும் இரண்டு துண்டு, நடுவில் இரண்டு முழ வயர். வலது துண்டை டீவிக்கு நேரே நீட்டினால் அதுதான் துவக்கு. எங்கே காட்டுகிறாயோ அங்கே சுடும். இடது துண்டில் ஒரு சின்னக் கம்பு. அதைப் பெருவிரலால் தள்ளினால் திரையில் சிப்பாய் நடப்பான். குண்டு முடிந்தால் இடது கையை இரண்டு தரம் உதற வேண்டும். உதறினால்தான் துவக்கில் குண்டு ஏறும். சிப்பாயை நாம் பார்ப்பதில்லை, அவன் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

உன்னை என் வீட்டுச் சோபாவில் கொண்டுவந்து இருத்தினேன். வலது கை எடுத்தவுடனே பிடித்துக்கொண்டது. ஒரு குண்டு, ஓர் ஆள். ஆனால் இடது பெருவிரல் அசையவில்லை. சிப்பாய் நட்டுவைத்த கம்பம் போல நின்றான். நீ என்னைப் பார்த்தாய். நான் இடது துண்டை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். வயர் அவ்வளவுதான் நீளம். அந்த நாளிலிருந்து நான் நடத்தினேன், நீ சுட்டாய். ஒரே சிப்பாய்க்குள் நாம் இரண்டு பேர். பழைய வாங்குதான் திரும்பவும்.

நான் எப்போதும் சுவரில் கொண்டுபோய் முட்டினேன். "டேய், ரெண்டு கண்ணையும் வச்சிக்கொண்டு சுவத்துல ஏத்துறியே, உனக்கு லைசன்ஸ் தந்தவன் யாரு? ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு!" என்று கத்துவாய். சில ஆட்கள் துவக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் "சுடு, சுடு" என்பேன். நீ ஒரு நாளும் சுட்டதில்லை. "அவனப் பாரு மச்சான், ரெண்டு கையும் தலைக்கு மேல போகுது. பொறாமையா இரிக்கி" என்பாய். நான் சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றிப் போவேன். 

ஒரு நாள் நான் வாயைக் கட்டாமல் கேட்டேன். "அவ்வளவும் பட்டு வந்தவன் நீ. உனக்கு இந்தச் சண்டையப் பாக்க எப்பிடி மனசு வருது?" அப்போது யுத்தம் முடிந்து சில வருடம்தான் ஆகியிருந்தது.  பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வலது துண்டிலிருந்த ஒரு பொத்தானை நீ அமத்தினாய். திரையில் புகை, ஆள், குண்டு எல்லாம் அப்படி அப்படியே நின்றன. "அந்தச் சண்டைய யாராலயும் நிப்பாட்டேலாமப் போச்சு. எங்கட வாப்பா கெஞ்சிப் பாத்தார். இத நான் ஒரு விரலால நிப்பாட்டுறன், பாத்தியா?" என்றாய். பிறகு தொழப் போனாய். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டும்போது வலது கை காது வரைக்கும் போனது, இடது தொடையோடு தொங்கியது.

எலிக் கதையை மறந்திருக்க மாட்டாய். டீவிக்கு மேலே வைக்கிற ஒரு நீளத் துண்டு அந்தப் பெட்டியோடு வரும். அதன் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கையிலிருக்கிற துண்டு திசை பிடிக்கும். எலி அதன் வயரைக் கடித்து, உள்ளே கரண்ட் அடித்து, எல்லாம் கருகிப் போயிற்று. அப்படி ஒரு துண்டை இங்கே எங்கே போய்த் தேட? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மெழுகுதிரிச் சுடரிலும் அதே வெளிச்சம் இருக்கிறதே என்று மூன்றாம் நாள்தான் தோன்றியது. அடிமட்டத்தில் இரண்டு மூடியை அடித்து, இரண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி, டீவிக்கு முன்னால் வைத்தேன். துவக்கு எழும்பியது! நீ என் தலையில் முத்தம் தந்தாய். வெயில் வந்தால் குழம்பும் என்பதால் யன்னலையும் சாத்தி, சீலையையும் இழுத்துவிட்டோம்.

பகல் நேரம். சாத்திய யன்னல். உள்ளே இரண்டு மெழுகுதிரி. ஒரு பக்கவாதக்காரன். அடிக்கடி "விடாத, விடாத, அவன் பின்னால நிக்கிறான்!" என்ற சத்தம். ஊர் என்ன நினைக்கும்? மந்திரவாதியைக் கூட்டிவந்து உனக்குச் செய்வினை எடுக்கிறேன் என்று கதை பரவிவிட்டது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் நிர்வாகத்து ஹாஜியாரும் புது மௌலவியும் வாசலில் நின்றார்கள்.

"உள்ள என்ன வாப்பா நடக்குது?" என்றார் ஹாஜியார், மெழுகுதிரியைப் பார்த்தபடி.

"கேம் ஹாஜியார்" என்றேன்.

"மெழுகுதிரி கொளுத்தியா கேம்? யார் வந்து மந்திரிக்கிறான்? எங்க அவன்?"

நீ சும்மா இருந்திருக்கலாம். "ஹாஜியார், இந்த ரெண்டும் எரிஞ்சாத்தான் இதுக்குக் கண் தெரியும். வேணுமெண்டா ஊதிப் பாருங்க" என்றாய். ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஊதினார். திரையில் துவக்கின் குறி மறைந்தது. நான் திரும்பக் கொளுத்தினேன். குறி வந்தது. ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேயைக் கண்ணால் கண்டுவிட்ட முகம். "பாத்தீங்களா மௌலவி, பாத்தீங்களா!" என்று பின்னால் நகர்ந்தார். மௌலவி இளம் ஆள், சிரிப்பை அடக்க முடியாமல் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். "டீவி ரிமோட் மாதிரி ஒரு சாமான்தான் ஹாஜியார்" என்று அவர் விளங்கப்படுத்தின பிறகுதான் ஹாஜியார் உட்கார்ந்தார். பத்து நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு, "தம்பி, அந்தக் கதவுக்குப் பின்னால ஒருத்தன விட்டுட்டீங்க" என்றார். அன்றிலிருந்து மூன்றாவது ஆளாக அவர். உன் கைக்காகத் தொழுகைக்குப் பின்னால் துஆச் செய்வதாகவும் சொன்னார்.

இப்போது நான் செய்த கேவலத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கை இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிப் போனது.

மூன்று மாதமாயிற்று. உன் பெருவிரல் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கம்பைத் தள்ளப் பழகியது. இடது துண்டை நீயே வைத்துக்கொண்டாய். ஆனால் உதறல் வரவில்லை. குண்டு முடியும், நீ தோளை அசைப்பாய், பல்லைக் கடிப்பாய், வேர்க்கும். கை துடிக்கும், உதறாது. அதற்குள் திரையில் சுட்டுச் சாய்த்துவிடுவார்கள். ஒரு நாள் துண்டைச் சோபாவில் வைத்துவிட்டு, "எடுத்து வை. எனக்கு வேணாம் இனி" என்றாய். அந்தக் குரலில் நீ கதைத்து அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

நான் கடைக்காரன். "நாளைக்கு வாங்க, சரியாகிரும்" என்பது என் வாயில் ஊறின சொல். சரியாகாத சாமானுக்கும் அதைத்தான் சொல்வேன். முகத்துக்கு நேரே ஏலாது, முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நீ போன பிறகு கேமின் உள்ளே போய்ப் பார்த்தேன். குண்டு முடிந்தால் தானாக ஏறுகிற மாதிரி வைக்க 'ஓட்டோ' என்று ஒரு வழி இருந்தது. வைத்தேன். மறுநாள் உன்னை வற்புறுத்தி இழுத்து வந்தேன். குண்டு முடிந்தது. நீ தோளை அசைத்தாய். கடகடவென்று குண்டு ஏறியது. "வந்திட்டுது! மச்சான், வந்திட்டுது!" என்று கத்தினாய். ரிஸ்வானாவுக்குப் போன் போட்டாய். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்தார். நானும் கைதட்டினேன். என் கையை வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு கிழமைக்குள் நீ லொறி முதலாளியிடம் போய், அடுத்த மாதம் ஏறுவதாகச் சொல்லிவிட்டு வந்தாய்.  சொல்வோம் சொல்வோம் என்று ஒவ்வொரு நாளும் விட்டேன். கடைசியில் நீயேதான் பிடித்தாய். ரிஸ்வானா அனுப்பின வட்டிலப்பத்தை நான் தட்டில் வைத்து நீட்டினேன். அதை வாங்க இடது துண்டைச் சோபாவில் வைத்துவிட்டு, தட்டை மடியில் இருத்திக்கொண்டு வலது கையால் சுட்டாய். குண்டு முடிந்தது. உன் இடது கை மடியில் கிடந்தது. குண்டு தானாக ஏறியது.

நீ இன்னும் ஒரு தரம் சுட்டு முடித்தாய். திரும்பவும் ஏறியது. திரையை விட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து" என்றேன்.

மெழுகுதிரி இரண்டையும் ஊதி அணைத்தாய். காலை இழுத்து இழுத்து வாசல்வரைக்கும் போய், அங்கே நின்று சொன்னாய்: "அடுத்த மாசம் நான் லொறியில ஏறிரிப்பன். சந்தியில பள்ளிக்கூடப் புள்ளைகள் றோட்டுக் கடக்குற நேரம் இந்தக் கை கியர் போடும் எண்டு நம்பிரிப்பன். உன்ட நல்ல மனசால எத்தின புள்ளைகள அடிச்சிரிப்பன் தெரியுமா?"

மூன்று நாள் நீ வரவில்லை. நான் உன் வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன். நாலாம் நாள் நீயே வந்தாய். "அந்த ஓட்டோவக் கழட்டு. மெழுகுதிரியக் கொளுத்து" என்றாய். அதற்குப் பிறகு ஒரு சொல்: "இனி எனக்கு ஓட்டோப் போடாத. எந்தக் காரியத்துலயும். உறுதி சொல்லு." சொன்னேன். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. "நீ நடக்கப் பழகின மாதிரி இல்ல, இன்னமும் சுவத்துலதான் நிக்கிறாய்" என்று பழைய பகிடியை எடுத்துவிட்டாய். அதுதான் மன்னிப்பு.

பிறகு நீ செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை நீயே எடுத்தாய். காலையில் பந்து, பின்னேரம் மெழுகுதிரி. செத்துச் செத்து விளையாடினாய். ஒரு நாளில் நாற்பது தரம் செத்திருப்பாய். ஒவ்வொரு தரமும், மௌத்துக்குச் சொல்கிற மாதிரி, "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய். ஏழு மாதம். மழைக்காலம் முடிகிற ஒரு நாள், பேச்சில்லாமல், ஆரவாரமில்லாமல், உன் இடது கை இரண்டு தரம் உதறியது. குண்டு ஏறியது. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் பெட்டியின் உள்ளே போய்க் காட்டினேன்: ஓட்டோ இல்லை. நீ கத்தவில்லை இந்த முறை. பொத்தானை அமத்திச் சண்டையை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மெதுவாகக் காதுவரைக்கும் தூக்கிப் பார்த்தாய்.

முதலாளியிடம் வெறும் லொறியை வாங்கி, உப்பளத்து வெறும் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கென்றால் பழைய ஓட்டம் மாதிரியே இருந்தது. நீ பாதை முடிகிற இடத்தில் நிறுத்தி, பூட்டிலிருந்து திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தாய். "மூணுலேருந்து நாலுக்குப் போக இந்தக் கை ஒருக்கா யோசிக்குது மச்சான். யோசிக்கிற கைக்குப் பத்துத் தொன் உப்பக் குடுக்கேலாது." அவ்வளவு பாடுபட்டு மீட்ட கையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல உன்னால் முடிந்தது. உப்பளத்துக் கேற்றில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் மகளை இரண்டு கையாலும் தூக்கினாய். உன்னைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றுகூடச் சொல்லாமல் விட்டேன்.

இரண்டாவது தரம் பக்கவாதம் வந்தபோது வலது பக்கத்தைக் கொண்டுபோனது, பேச்சையும் சேர்த்து. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, நாள் கணக்குத்தான் என்றார். திரும்பி உள்ளே வரும்போது ரிஸ்வானா வழியில் மறித்தாள். "நானா, சரியாகிரும் எண்டு மட்டும் சொல்லுங்க. உங்கட காலப் புடிக்கிறன்" என்றாள். நீ கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எப்ப இருந்து என்று கேட்ட அதே பார்வை.

உன் பக்கத்தில், வயர் இருந்த காலத்தில் போல, ஒட்டி உட்கார்ந்தேன். "மச்சான், இந்த முறை ஏலாது. டாக்டர் நாள் கணக்குச் சொல்றார்" என்றேன். ரிஸ்வானா வீரிட்டாள். நீ கண்ணை மூடித் திறந்தாய். பிறகு போர்வைக்கு மேல் கிடந்த உன் இடது கை, நீ ஏழு மாதம் செத்துச் செத்து மீட்ட கை, இரண்டு தரம் உதறியது.

மூன்று நாள் இருந்தாய். அந்தக் கையால் ரிஸ்வானாவின் தலையைத் தடவினாய். மகளின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். முதலாளி, ஹாஜியார், கூட லொறி ஓடின ஆட்கள், எல்லாரையும் கூட்டிவரக் காட்டி, கையை நெஞ்சில் வைத்து, செய்த பிழைகளுக்குப் பொருத்தம் கேட்டாய். ரிஸ்வானா என்னோடு நாலு மாதத்துக்கு மேல் கதைக்கவில்லை. வீட்டுக்குள் துக்கம் காக்கிற இத்தா முடிந்து ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள். "நீங்க சொல்லாட்டி அவர் அந்த மூணு நாளையும் சும்மா படுத்திரிப்பார் நானா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இதோ, அஸர் முடிந்துவிட்டது. டீச்சர் வாசலில் நிற்கிறாள். ரேடியோவை நேற்றே கழற்றிப் பார்த்துவிட்டேன். உள்ளே உப்புக்காற்றுத் தின்ற மிச்சம்தான் இருக்கிறது. "சரியாகுமா நானா? வாப்பா கடைசி வரைக்கும் இதுலதான் செய்தி கேட்டவர்" என்கிறாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு வாங்க என்ற பழைய சொல் நாக்கு நுனிக்கு வருகிறது.

மேசைக்குக் கீழே, அவளுக்குத் தெரியாமல், இடது கையை இரண்டு தரம் உதறிக்கொள்கிறேன்.

"இது சரியாகாது தங்கச்சி" என்கிறேன். "உட்காருங்க. உங்கட வாப்பாவப் பத்திச் சொல்லுங்க, கேப்பம்."